இளந்தாரி, விடலை, வாலிபர்: எந்த வயசுக்கு எந்தச் சொல்?

தமிழ் கற்றுக்கொள்ளும் நண்பர் ஒருவர் ஒருமுறை கேட்டார்: “வயசுப் பையன் என்றால் வயதான பையனா?” முதலில் சிரித்துவிட்டேன். அப்புறம்தான் கேள்வி நியாயமானது என்று உறைத்தது. வயசுப் பையன், வயசுப் பொண்ணு என்றால் இளமை. வயசானவர், வயசாளி என்றால் முதுமை. ஒரே சொல், எதோடு ஒட்டுகிறதோ அதற்கேற்ப எதிரெதிர்த் திசைக்குப் போகிறது. ‘எல்லாம் வயசுக் கோளாறு’ என்றால் எவனோ காதலில் விழுந்திருக்கிறான். ‘வயசாயிடுச்சு, அதான் கோளாறு’ என்றால் மூட்டுவலி.

கவனித்துப் பார்த்தால், ‘வயசு’ என்று தனியாகச் சொன்னாலே நம் பேச்சில் அது இளமையைத்தான் குறிக்கிறது. ‘அது அவன் வயசு, அப்படித்தான் இருப்பான்’ என்று எழுபது வயதுக்காரரைப் பற்றி யாரும் சொல்வதில்லை. பெண் ‘வயசுக்கு வந்தாள்’ என்கிறோம். அதற்கு முந்தைய பதிமூன்று வருடங்கள் கணக்கிலேயே இல்லாதது போல. வயசு என்பது வந்து சேர்கிற ஒன்று, கொஞ்ச காலம் இருக்கிற ஒன்று, பிறகு ‘ஆகிவிடுகிற’ ஒன்று.

இளமையைக் குறிக்கத் தமிழில் சொற்கள் ஏராளம். அவற்றில் பெரும்பாலானவை ஆண்டுகளை எண்ணுவதில்லை என்பதுதான் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது. ஒரு சொல் மென்மையைப் பார்க்கிறது, இன்னொன்று வலிமையை, மற்றொன்று கல்யாணம் ஆயிற்றா இல்லையா என்பதை. இது பிடிபட்டால் எந்த இடத்தில் எந்தச் சொல் என்ற குழப்பம் பாதி குறையும்.

இளமையின் வேரான ‘இள’வில் தொடங்கலாம். அதைப் புரிந்துகொள்ள அகராதியைவிடக் காய்கறிக் கடை நல்ல இடம். வெண்டைக்காயின் நுனியை ஒடித்துப் பார்க்கிறோம். பட்டென்று ஒடிந்தால் இளசு, வளைந்து நார் விட்டால் முத்தல். செடியில் அது எத்தனை நாள் இருந்தது என்று யாரும் கேட்பதில்லை, விரலுக்கு அது எப்படி இருக்கிறது என்பதுதான் கேள்வி. இளநீர், இளந்தளிர் எல்லாம் இந்த வகை. அங்கிருந்து இந்தச் சொல் உயிரில்லாத பொருள்களுக்கும் தாவிவிட்டது. கொதிக்காத வெந்நீர் இளஞ்சூடு. அடர்த்தி குறைந்த நிறம் இளமஞ்சள், இளஞ்சிவப்பு. உக்கிரம் பிடிக்காத வெயில் காலம் இளவேனில். இன்னும் கெட்டிப்படாதது, முழு வேகத்துக்கு வராதது என்பதுதான் இவை அனைத்துக்கும் அடியில் இருக்கும் பொருள். இளகுதல், இளக்கம் என்ற சொற்களும் இந்தக் குடும்பம்தான்.

குறளில் ஒரு இடம் இதை அழகாகக் காட்டும். ‘இளைதாக முள்மரம் கொல்க’ என்கிறார் வள்ளுவர் (879). முள்மரத்தை இளசாக இருக்கும்போதே வெட்டு, இல்லையென்றால் ‘காழ்த்த’ பிறகு அது வெட்டுகிறவர் கையையே பதம் பார்க்கும். காழ் என்பது மரத்தின் உள்ளே இறுகிப்போகும் வயிரம். ஆக, இங்கே இளமைக்கு எதிர்ச்சொல் முதுமை இல்லை, இறுக்கம். இன்றைக்கும் திடமான கிழவரைப் பார்த்து ‘வைரம் பாய்ஞ்ச கட்டை’ என்கிறோமே, அது இந்தக் கணக்கின் மறுபக்கம்.

மென்மைக்கு ஒரு விலையும் உண்டு. கெட்டிப்படாதவனை உலகம் மதிப்பதில்லை. இளக்காரம், இளப்பம் என்று ஏளனச் சொற்களும் இங்கேதான் கிளைத்திருக்கின்றன. ‘சின்னப் பையன்தானே’ என்ற குரலில் இருக்கும் அலட்சியம் சொல்லின் வேரிலேயே இருக்கிறது.

‘இளைய’ என்று வரும்போது கதை வேறு. அது பெரும்பாலும் வரிசையைச் சொல்லும், வயதைச் சொல்லாது. இராமனுக்குத் தம்பி என்பதால் இலக்குவன் இளையபெருமாள். அந்தப் பெயரை ஒட்டி இளையாழ்வார் என்று அழைக்கப்பட்ட இராமானுசர் 120 ஆண்டு வாழ்ந்தார் என்பது வைணவ மரபு. பெயர் மட்டும் இளையாழ்வார்தான். இரண்டாவதாகக் கட்டிக்கொண்ட மனைவி ‘இளையாள்’, அவள் மூத்தாளைவிட வயதில் பெரியவளாக இருந்தாலும் சரி. இளையராஜாவின் பெயரும் இதே வகை. ஏ.எம். ராஜா என்று ஏற்கெனவே ஒருவர் திரையுலகில் இருந்ததால், 1976-இல் அறிமுகமானபோது ராஜாவுக்கு முன்னால் ‘இளைய’ ஒட்டிக்கொண்டது. எண்பதைத் தாண்டியும் அவர் இளையராஜாதான். அரசு அலுவலகத்தில் இளநிலை உதவியாளர் நாற்காலியில் நரைத்த தலை இருப்பதும் இதனால்தான், அங்கே இளமை பதவிக்கு.

ஆட்களைக் குறிக்கும் சொற்களுக்கு வருவோம். எழுத்தில் இன்று பொதுவாகப் புழங்குபவை இளைஞர், வாலிபர் இரண்டும். அகராதியில் பார்த்தால் ஒரே பொருள். செய்தித்தாளில் பார்த்தால் அப்படி இல்லை. சாதித்தவர் இளைஞர், சிக்கியவர் வாலிபர். ‘கஞ்சா விற்ற வாலிபர் கைது’ என்ற தலைப்பு கண்ணுக்கு எவ்வளவு பழக்கம்! ‘விண்கலம் வடிவமைத்த வாலிபர்’ என்று எழுதினால் ஏதோ உதைக்கிறது. இது விதி இல்லை, ‘இளைஞர் கைது’ என்றும் தாராளமாக வருகிறது. ஆனாலும் வாலிபருக்கு எப்படியோ ஒரு காவல் நிலைய வாசம் ஏறிவிட்டது.

அந்தச் சொல்லுக்கு வேறு வீடுகளும் உண்டு. தமிழ் விவிலியத்தில் இளைஞனைவிட வாலிபன்தான் அதிகம் காதில் விழுவான். ‘வாலிபன் தன் வழியை எதினால் சுத்தம்பண்ணுவான்’ என்ற சங்கீத வரியைச் சொல்லி வளர்ந்தவர்களுக்கு, ஞாயிற்றுக்கிழமை வாலிபர் கூட்டம் என்பது இயல்பான பேச்சு. இன்னொரு பக்கம் இடதுசாரிகளின் இந்திய ஜனநாயக வாலிபர் சங்கம் நிற்கிறது. மற்றக் கட்சிகள் பலவற்றில் ‘இளைஞர் அணி’தான். தேவாலயமும் இடதுசாரிகளும் ஒரே சொல்லைக் கையில் வைத்திருப்பதைப் பார்க்கையில் எனக்கு ஒரு சின்ன சந்தோஷம். மூன்றாவதாக, ‘வாலிப வயோதிக அன்பர்களே’ என்று தொலைக்காட்சியில் அழைத்த லாட்ஜ் வைத்தியர்களையும் விட்டுவிட முடியாது. வாலிபம் என்ற சொல்லை மேடையில் சொன்னால் சபையில் யாராவது ஒருவர் களுக்கென்று சிரிப்பதற்கு அவர்களே பொறுப்பு.

இளைஞருக்கு இன்னொரு சிக்கல். இலக்கணப்படி ‘இளைஞர்’ ஆண், பெண் இருவருக்கும் பொது. ஆனால் ‘பேருந்தில் இருந்து விழுந்த இளைஞர்’ என்று படித்ததும் மனத்தில் வருவது ஆண்தான். பெண்ணாக இருந்தால் ‘இளம்பெண்’ என்று எழுதுகிறார்கள். கலைஞர் போல இளைஞருக்கும் பெண்பால் ஒருமை கைவசம் இல்லாததால் சிலர் ‘இளைஞி’ என்று எழுதிப் பார்க்கிறார்கள். கவிஞனுக்குக் ‘கவிஞி’ ஒட்டாதது போலவே இதுவும் என் காதுக்கு ஒட்டவில்லை. ஒட்டிக்கொண்டவர்களோடு சண்டைக்கும் போகமாட்டேன். இருபாலரையும் சேர்த்துச் சொல்ல வேண்டுமானால் ‘இளையோர்’ நல்ல சொல். சிங்கப்பூரில் ‘இளையர்’ என்பதே வழக்கு, அங்கே இருப்பது தேசிய இளையர் மன்றம். பழந்தமிழில் ‘இளையர்’ என்றால் தலைவனின் ஏவலர்கள், கூடவே போகும் வீரர்கள். இன்றைய கட்சிக் கூட்டங்களில் இளைஞர்களுக்குக் கொடுக்கப்படும் வேலையைப் பார்த்தால் அந்தப் பொருள் முழுதாக ஒழிந்துவிடவில்லை என்று தோன்றும்.

பேச்சுக்கு வந்தால் ஊருக்கு ஊர் நிறம் மாறும். தெற்கத்திப் பக்கமும் கொங்குப் பக்கமும் பெரியவர்கள் வாயில் ‘எளந்தாரி’. மீசை அரும்பி, வேலைக்குத் திராணி வந்து, இன்னும் குடும்பப் பாரம் ஏறாதவன். யாழ்ப்பாணத்திலும் இளந்தாரி உண்டு, ஆனால் அங்கே நாக்கில் முதலில் நிற்பது ‘பெடியன்’, பன்மையில் ‘பெடியள்’. போர்க்காலத்தில் ‘பெடியள்’ என்று சொன்னால் அது ஆயுதம் ஏந்திய இயக்கத்தாரைக் குறித்தது. ஊரார் அதை அன்போடும் சொன்னார்கள், அச்சத்தோடும் சொன்னார்கள், குரலை வைத்துத்தான் எது என்று பிரிக்க முடியும். தென்மாவட்டங்களில் ‘இளவட்டம்’ என்றொரு சொல். ஒருவனையும் குறிக்கும், கூட்டத்தையும் குறிக்கும். ஊர் மந்தையில் கிடக்கும் உருண்டைக் கல்லுக்கு இளவட்டக்கல் என்று பெயர். அதைத் தூக்கித் தோளுக்கு மேலே போட்டுப் பின்னால் தள்ளுகிறவனுக்குத்தான் பெண் என்று ஒரு காலத்தில் பேச்சு, அதனால் கல்யாணக் கல் என்றும் சொல்வார்கள். இன்றும் நெல்லைப் பக்கம் பொங்கலுக்குப் போட்டி நடக்கிறது. பிறப்புச் சான்றிதழ் இல்லாத காலத்தில் ஒருவன் இளைஞன்தானா என்று தெரிந்துகொள்ள இது ஒரு வழி.

‘இளசு’ என்பதில் மட்டும் எச்சரிக்கையாக இருங்கள். வெண்டைக்காய்க்குப் பொருத்தமான அந்தச் சொல்லை ஒரு பெண்ணுக்குச் சொன்னால் கொச்சை. ‘இளசுகளைக் கவர்ந்த’ என்று வார இதழ்கள் எழுதுவது வேறு கதை, அதுவும் கொஞ்சம் வழிசல்தான்.

பெண்களைப் பற்றிய சொற்களில் வயதைவிடக் கல்யாணம் முன்னால் நிற்கிறது. கன்னி, குமரி இரண்டும் மணமாகாதவள் என்ற பொருளைச் சுமக்கின்றன, இரண்டையும் சேர்த்து ஒரு ஊருக்கே பெயர் வைத்திருக்கிறோம். யாழ்ப்பாணத்தில் ‘வீட்டிலை மூண்டு குமர் இருக்கு’ என்று ஒரு தாய் சொன்னால், மூன்று இளம்பெண்கள் இருக்கிறார்கள் என்பது செய்தி இல்லை, மூவருக்கும் இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்பதுதான் செய்தி. தமிழ் முஸ்லிம்கள் மத்தியில் ‘குமர் காரியம்’ என்றால் பெண்ணைக் கரையேற்றும் செலவு. வசதி இல்லாத வீட்டுக் குமர் காரியத்துக்கு உதவுவது பெரிய நன்மை என்று கருதுவார்கள். அதனால் முப்பத்தைந்து வயதுப் பெண்ணும் குமர்தான், பத்தொன்பது வயதில் கழுத்தில் தாலி ஏறியவள் குமர் இல்லை. சித்த மருத்துவத்தில் சோற்றுக்கற்றாழைக்கும் குமரி என்று பெயர். குமரி எண்ணெய், குமரி லேகியம் என்று சீட்டில் பார்த்தால் திடுக்கிட வேண்டாம்.

இங்கே பலரும் அந்தப் பழைய பட்டியலை எடுத்து நீட்டுவார்கள்: பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை, அரிவை, தெரிவை, பேரிளம்பெண். பேதை 5 முதல் 7 வயது, பெதும்பை 8 முதல் 11, மங்கை 12, 13, மடந்தை 14 முதல் 19, அரிவை 20 முதல் 25, தெரிவை 26 முதல் 31, பேரிளம்பெண் 32 முதல் 40 என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. பள்ளியில் மனப்பாடம் செய்ததால், அந்தக் காலத்தில் தெருவில் போகிற பெண்ணை வயது பார்த்து ‘தெரிவையே’ என்று கூப்பிட்டார்கள் என்று நினைத்துக்கொள்கிறோம். அப்படி இல்லை. இந்த வயதுக் கணக்கு இலக்கண நூல்களில் உலா என்ற சிற்றிலக்கிய வகைக்காகச் சொல்லப்பட்டது. தலைவன் வீதியில் பவனி வருவான், ஏழு பருவப் பெண்களும் அவனைப் பார்த்து மயங்குவார்கள். மயங்குகிறவர்களை வகைபிரிக்க ஒரு சட்டகம் வேண்டுமே, அதற்குத்தான். மங்கை, மடந்தை, அரிவை எல்லாம் மற்றச் செய்யுள்களில் ‘பெண்’ என்ற பொதுப் பொருளிலேயே சகட்டுமேனிக்கு வருகின்றன. எதுகைக்கு எது பொருந்துகிறதோ அது.

ஆண்களுக்கும் இப்படி ஒரு கணக்கு உண்டு, அவ்வளவாக யாரும் மனப்பாடம் செய்யவைப்பதில்லை. ஏழு வயது வரை பாலன், பத்து வரை மீளி, பதினான்கு வரை மறவோன், பதினைந்தில் திறலோன், பதினாறில் காளை, முப்பது வரை விடலை, அதற்கு மேல் முதுமகன். முப்பத்தோராவது பிறந்தநாளில் ‘முதுமகன்’ என்று வாழ்த்து அனுப்பிப் பாருங்கள்.

இரண்டு பட்டியலையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று உறுத்தும். ஆணுக்குத் திறல், மறம், காளை மாட்டின் வலு. பெண்ணுக்குப் பேதைமை, மடம். பேதை என்றால் அறியாதவள், அதே சொல்லை வள்ளுவர் முட்டாளுக்குப் பயன்படுத்துகிறார். மடந்தையில் இருப்பதும் மடம்தான், சொன்னதை அப்படியே பிடித்துக்கொள்ளும் தன்மை என்று உரைகாரர்கள் அதை மெச்சுவார்கள். ஆணின் இளமை என்ன செய்ய முடியும் என்பதால் அளக்கப்பட்டது, பெண்ணின் இளமை என்ன தெரியாது என்பதால். இந்தச் சொற்களை இன்று கட்டுரையில் அலங்காரத்துக்குத் தூவுகிறவர்கள் இதைக் கொஞ்சம் நினைத்துக்கொள்ளலாம்.

விடலையின் வீழ்ச்சி தனிக் கதை. சங்கப் பாட்டில் காதலியை அழைத்துக்கொண்டு பாலை வழியில் போகும் வீரன் விடலை, காளையும் அவனே. இன்று ‘விடலைப் பசங்க’ என்றால் பெட்டிக்கடை ஓரத்தில் நின்று போகிற வருகிறவர்களைக் கிண்டலடிக்கும் கூட்டம். ‘விடலைத்தனம்’ நேரடியான திட்டு. காளையாவது ஜல்லிக்கட்டில் மரியாதையோடு இருக்கிறது.

சின்னஞ்சிறு உயிர்களுக்கான பெயர்களையும் ஒரு எட்டு பார்த்துவிடலாம். தொல்காப்பிய மரபியல் பார்ப்பு, பறழ், குட்டி, குருளை, கன்று, பிள்ளை, மகவு, மறி, குழவி என ஒன்பது இளமைப் பெயர்களைச் சொல்லி, எது எந்த உயிருக்கு என்று பிரித்தும் கொடுக்கிறது. அதில் மனிதருக்கு உரியவை குழவி, மகவு இரண்டு மட்டும். நாம் இன்று வாய் ஓயாமல் சொல்லும் ‘பிள்ளை’ அங்கே பறவைக்கும் மரத்துக்கும் போகிறது. அணிற்பிள்ளை, கீரிப்பிள்ளை, தென்னம்பிள்ளை என்று நாம் சொல்வது விலங்கையும் மரத்தையும் கொஞ்சுவதற்காக மனிதச் சொல்லைக் கடன் கொடுத்ததாகத் தோன்றும். உண்மையில் கடன் வாங்கியவர்கள் நாம்தான்.

எண்ணைப் பிடித்துக்கொண்டு வருபவை அலுவலகச் சொற்கள். உலக சுகாதார நிறுவனத்துக்கு 10 முதல் 19 வயது வரை ‘வளரிளம் பருவம்’. ஐ.நா. கணக்கில் இளையோர் என்றால் 15 முதல் 24. இந்தியாவின் 2003-ஆம் ஆண்டு தேசிய இளைஞர் கொள்கை 13 முதல் 35 வரை என்றது. 2014-இல் வந்த கொள்கை அதை 15 முதல் 29 என்று சுருக்கியது. முப்பத்திரண்டு வயதுக்காரர்கள் ஒரே அறிவிப்பில் இளமையை இழந்தார்கள். பதினேழு வயதுப் பெண் ஒருத்தி சட்டத்தின் முன் குழந்தை, சுகாதாரத் துறைக்கு வளரிளம் பெண், ஐ.நா.வுக்கு இளையோர், அவள் பாட்டிக்குக் ‘குமரி’. இதில் எதுவும் பொய் இல்லை. இது போன்ற ஆவணங்களைத் தமிழில் எழுதுகிறவர்கள் ‘இளைஞர்’ என்று மட்டும் போட்டுவிட்டு நகராமல், முதல் முறை வரும்போதே வயது வரம்பையும் சேர்த்து எழுதிவிடுவது நல்லது. நம் சொல்லுக்குள் எண் கிடையாது, வெளியிலிருந்துதான் கொண்டுவர வேண்டும்.

டீன் ஏஜ் என்பதற்கு ‘பதின்ம வயது’, ‘பதின்பருவம்’ என்று எழுதுகிறோம். நல்ல முயற்சிதான். ஆனால் ஆங்கிலத்தில் அந்த ஒலி பதின்மூன்றில் தொடங்கிப் பத்தொன்பதில் முடிகிறது. தமிழில் பதினொன்றே ‘பதின்’ என்று தொடங்கிவிடுகிறது, பன்னிரண்டு நடுவில் முறைத்துக்கொண்டு நிற்கிறது, பத்தொன்பதில் ‘பதின்’ இல்லவே இல்லை. ‘பதின்மர்’ என்றால் பத்துப் பேர் என்ற பழைய பொருள் வேறு. சரி, சொல் நிலைத்துவிட்டது, இனி யார் கேட்கப்போகிறார்கள்.

‘இளமை’ என்ற சொல்லையே எடுத்துக்கொண்டால், அதை அதிகம் உச்சரிப்பது இளமை கழிந்தவர்கள்தான். புறநானூற்றில் (243) ஒரு கிழவர், தடி ஊன்றி, நடுங்கி, இருமலுக்கு நடுவே சில சொற்களே பேச முடிகிற நிலையில், ஒரு நீர்நிலையை நினைத்துக்கொள்கிறார். மரக்கிளையில் ஏறி, கரையில் நிற்பவர்கள் மலைக்க, ஆழமான மடுவில் துடுமென்று குதித்து, அடிமணலை அள்ளிக்கொண்டு வந்த நாள்கள். அதைக் ‘கல்லா இளமை’ என்கிறார். ‘இளமையில் கல்’ என்று நமக்குச் சொல்லித் தந்த அதே மொழியில், எதையும் கற்காத அந்த இளமைதான் எங்கே போயிற்று என்று ஏங்கப்படுகிறது. அந்தப் புலவரின் பெயர்கூடப் பிழைக்கவில்லை, பாட்டில் வரும் கைத்தடியை வைத்துத் தொடித்தலை விழுத்தண்டினார் என்று அழைக்கிறோம்.

இப்போதைய பேச்சுத் தமிழில் அந்த வேலையை ‘யூத்து’ செய்கிறது. இருபது வயதுப் பையனை யாரும் யூத்து என்பதில்லை. நாற்பத்தெட்டு வயதில் பூப்போட்ட சட்டை போட்டு வருகிறவரைப் பார்த்துத்தான் ‘சார் இன்னும் யூத்து’ என்கிறார்கள். அவரும் அதைப் பாராட்டாக எடுத்துக்கொள்கிறார். உண்மையிலேயே அந்த வயதில் இருப்பவர்களுக்கு இந்தச் சொற்கள் எதுவும் தேவைப்படுவதில்லை. அவர்களுக்குள் மச்சான், மாப்ள, ப்ரோ. மொத்தமாகச் சொன்னால் ‘நம்ம பசங்க’. கல்லூரிப் பேச்சில் அந்தப் பசங்களில் பெண்களும் அடக்கம். அவர்கள் தங்களையே ‘இளைஞர்கள்’ என்று எழுதிக்கொள்ளும் இடம் எனக்குத் தெரிந்து ஒன்றுதான்: கோயில் கொடைக்கும் காதுகுத்துக்கும் வைக்கும் ஃப்ளெக்ஸ் பேனர். ‘இவண்: ஊர் இளைஞர்கள்’ என்ற வரிக்கு மேலே வரிசையாக இருக்கும் படங்களில் பாதிக்கு மேல் தலைக்குச் சாயம் பூசியவை.